எளியோரின் வங்கியாளர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கி என்பது செல்வந்தர்களின் இடமாகவே கருதப்பட்டது. பெருவணிகர்களும் தொழிற்சாலை உரிமையாளர்களுமே அதன் வாயிற்படியை மிதித்தனர். மீன் விற்பவரும், காய்கறி பயிரிடுபவரும், முடிதிருத்துபவரும் தங்கள் சேமிப்பைத் தகரப் பெட்டியிலும் மெத்தைக்கு அடியிலும் மறைத்து வைத்தனர். அவசரத் தேவை என்றால் வட்டிக்காரரிடம் கைநீட்டினர். அமெரிக்காவில் இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அமாடியோ பீட்டர் ஜியானினி. எளிய மக்களை நம்பி அவர் தொடங்கிய சிறு வங்கி, நாற்பது ஆண்டுகளில் உலகின் மிகப் பெரிய வங்கியாக உயர்ந்தது.

இளமைக்காலம்

ஜியானினி, 1870ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்தின் சான் ஹோசே நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் லூய்ஜியும் வர்ஜீனியாவும் இத்தாலியின் ஜெனோவா வட்டாரத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். லூய்ஜி நிலம் வாங்கிப் பழங்களும் காய்கறிகளும் பயிரிட்டார். குடும்பம் தலைநிமிரத் தொடங்கிய வேளையில் பேரிடி விழுந்தது. சொற்பக் கூலி தொடர்பான தகராறில், தொழிலாளி ஒருவர் லூய்ஜியைச் சுட்டுக் கொன்றார். அப்போது அமாடியோவுக்கு வயது ஆறு. கையளவு பணத்துக்காக ஓர் உயிர் போனதை அச்சிறுவன் தன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

இளம் வயதிலேயே கைம்பெண்ணான வர்ஜீனியா, பிள்ளைகளை வளர்ப்பதற்குப் பெரும்பாடுபட்டார். சில ஆண்டுகளுக்குப் பின்னர் லொரென்சோ ஸ்கடேனா என்பவரை மணந்துகொண்டார். ஸ்கடேனா நல்ல மனம் படைத்தவர். குடும்பம் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு ஸ்கடேனா பழங்களையும் காய்கறிகளையும் மொத்தமாக வாங்கி விற்கும் கடையைத் தொடங்கினார்.

விளைபொருள்களை ஏற்றிய படகுகள் நள்ளிரவில் துறைமுகத்துக்கு வந்து சேரும். விடிவதற்குள் பேரம் பேசிச் சரக்கை வாங்க வேண்டும். பன்னிரண்டு வயது அமாடியோ, தூக்கத்தைத் துறந்து துறைமுகத்துக்குச் செல்வான். பகலில் பள்ளிக்குச் செல்வான். படிப்பு கெட்டுவிடுமே என்று தாய் கவலைப்பட்டார். ஆனால், வணிகத்தின் மீது மகனுக்கு இருந்த ஆர்வத்தை அவரால் தடுக்க இயலவில்லை. பதினைந்து வயதளவில் அமாடியோ பள்ளியை விட்டு விலகினார். கணக்கு எழுதும் முறையைக் குறுகிய காலப் பயிற்சியில் கற்றுக்கொண்டு, முழுநேர வணிகத்தில் இறங்கினார்.

குதிரை வண்டியிலும் படகிலும் ஏறி அவர் கலிபோர்னியாவின் பள்ளத்தாக்குகளை எல்லாம் சுற்றினார். உழவர்களின் வயல்களுக்கே சென்று அவர்களோடு பேசினார். எந்த மண்ணில் எது விளையும், எந்தப் பருவத்தில் விலை ஏறும், யார் சொன்ன சொல் தவறாதவர் என்பனவெல்லாம் அவருக்கு அத்துப்படியாயின. பத்தொன்பதாம் வயதில் அவர் அக்கடையின் பங்குதாரரானார். 1892ஆம் ஆண்டில் கிளோரிண்டா குனியோ என்னும் பெண்ணை மணந்தார். 1901ஆம் ஆண்டில், முப்பத்தொரு வயதில், போதிய பொருள் ஈட்டிவிட்டதாகக் கருதித் தம் பங்கைக் கடையின் ஊழியர்களுக்கே விற்றுவிட்டு ஓய்வுபெற்றார்.

வங்கியின் பிறப்பு

அந்த ஓய்வு நீடிக்கவில்லை. 1902ஆம் ஆண்டில் அவருடைய மாமனார் காலமானார். அவர் விட்டுச்சென்ற சொத்துகளைப் பராமரிக்கும் பொறுப்பு ஜியானினியிடம் வந்தது. அச்சொத்துகளுள் ஒரு சிறு வங்கியின் பங்குகளும் இருந்தன. அவ்வகையில் ஜியானினி அவ்வங்கியின் இயக்குநர்களுள் ஒருவரானார்.

இயக்குநர் கூட்டங்களில் அவர் ஒரே கருத்தைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். வங்கி இருந்த நார்த் பீச் பகுதியில் ஆயிரக்கணக்கான இத்தாலியக் குடியேறிகள் வாழ்ந்தனர். அவர்களின் சிறு சேமிப்பைத் திரட்ட வேண்டும். அவர்களுக்குச் சிறு கடன் கொடுக்க வேண்டும் என்றார். மற்ற இயக்குநர்கள் அதனை ஏற்கவில்லை. சிறு கடனைக் கணக்கு வைப்பதற்கே செலவு அதிகம், இலாபம் ஏது என்பது அவர்களின் வாதம். ஜியானினியின் கணக்கு வேறு. ஒரே பெரிய கடன் திரும்பி வராவிட்டால் வங்கியே ஆட்டங்காணும். நூறு சிறு கடன்களில் ஒன்றிரண்டு தவறினாலும் வங்கிக்கு ஆபத்தில்லை. மேலும், இன்று சிறு கடன் பெறுபவர் நாளை பெரிய வணிகராக வளர்வார். அன்றும் அவர் முதலில் உதவிய வங்கியையே நாடுவார். இக்கருத்து எடுபடாததால் அவர் பதவி விலகினார். தாமே ஒரு வங்கியைத் தொடங்குவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

1904ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் ‘இத்தாலி வங்கி’ திறக்கப்பட்டது. மதுக்கடையாக இருந்த ஒரு கட்டடமே சீரமைக்கப்பட்டு வங்கியாக மாறியது. மீன் வணிகர், மளிகைக் கடைக்காரர், ரொட்டி சுடுபவர், குழாய் பழுதுபார்ப்பவர் எனப் பலரும் அதன் பங்குகளை வாங்கினர். வங்கி ஒரு சிலரின் பிடியில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காகப் பங்குகள் பலருக்கும் பரவலாக விற்கப்பட்டன. முதல் நாளில் கிடைத்த வைப்புத்தொகை 8,780 டாலர்.

அக்காலத்தில் வங்கியாளர்கள் வாடிக்கையாளரைத் தேடிச் செல்வதை இழிவாகக் கருதினர். ஜியானினியோ தெருவில் இறங்கினார். கடைகளுக்கும் வீடுகளுக்கும் சென்று, வைப்புத்தொகை என்றால் என்ன, அதற்கு வட்டி எப்படிக் கிடைக்கும் என்று எளிய மக்களுக்கு விளக்கினார். அவர்களின் தாய்மொழியிலேயே பேசக்கூடிய ஊழியர்களைப் பணியில் அமர்த்தினார். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு ஊழியர்கள் பொறுமையுடன் உதவினர். வாடிக்கையாளர்கள் கூச்சம் நீங்கி வங்கிக்கு வரத் தொடங்கினர்.

நிலநடுக்கமும் நம்பிக்கையும்

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் விடியற்காலையில் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் உலுக்கியது. கட்டடங்கள் சரிந்தன, அதனைத் தொடர்ந்து நகரெங்கும் தீ பரவியது. ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சான் மாட்டேயோவில் வசித்த ஜியானினி, உடனே புறப்பட்டார். இரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. மூட்டை முடிச்சுகளோடு நகரை விட்டு வெளியேறிய கூட்டத்துக்கு எதிராக நடந்தே அவர் நண்பகலில் வங்கியை அடைந்தார்.

தீ நெருங்கிக்கொண்டிருந்தது. வங்கியில் ஏறக்குறைய 80,000 டாலர் மதிப்புள்ள பொன், வெள்ளி நாணயங்கள் இருந்தன. அவை எரிந்தாலோ கொள்ளை போனாலோ, தம்மை நம்பிப் பணம் போட்டவர்களின் வாழ்வே பாழாகிவிடும் என்பதை ஜியானினி உணர்ந்தார். மாற்றாந்தந்தையின் கடையிலிருந்து காய்கறி வண்டிகளை வரவழைத்தார். பணப் பைகளை அடியில் வைத்து, மேலே ஆரஞ்சுப் பழப் பெட்டிகளை அடுக்கினார். இருட்டிய பிறகு வண்டிகள் புறப்பட்டன. பார்த்தவர்களுக்கு அது பழ வண்டியாகவே தெரிந்தது. பணம் பாதுகாப்பாகச் சான் மாட்டேயோவிலுள்ள அவரது வீட்டை அடைந்தது. அந்தப் பணத்தில் ஆரஞ்சு மணம் பல நாள்கள் நீங்காமல் இருந்ததாகக் கூறுவர்.

மற்ற வங்கிகளின் இரும்புப் பெட்டகங்கள் தீயில் காய்ந்து கொதித்துக்கொண்டிருந்தன. உடனே திறந்தால் உள்ளிருக்கும் தாள்கள் தீப்பற்றிவிடும் என்னும் அச்சத்தால் அவற்றைப் பல நாள்கள் திறக்க முடியவில்லை. வங்கியாளர்கள் ஒன்றுகூடி ஆலோசித்தபோது, பல மாதங்களுக்கு வங்கிகளை மூடிவைக்கலாம் என்ற கருத்து எழுந்தது. ஜியானினி அதனை எதிர்த்தார். வீடிழந்தவர்களுக்குப் பணம் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான் என்றார். துறைமுகத் தளத்தில் பீப்பாய்களின் மீது பலகையைப் போட்டு, அதனையே வங்கி முகப்பாக்கித் தொழிலைத் தொடங்கினார்.

கடன் கேட்டு வந்தவர்களிடம் அடகு வைக்க எதுவும் இல்லை, ஆவணங்களும் எரிந்துவிட்டன. ஆயினும், ஜியானினிக்கு அவர்களின் நாணயம் தெரிந்திருந்தது. உழைத்துக் காய்த்த கைகளைக் குலுக்கியே கடன் கொடுத்தார். அதில் ஓர் உத்தியையும் கையாண்டார். கேட்ட தொகையில் பாதியை மட்டும் கொடுத்து, மீதியைத் தாங்களே திரட்டிக்கொள்ளும்படி கூறினார். இதனால் வீடுகளில் பதுங்கியிருந்த பணமும் வெளியே வந்தது, கையிருப்பும் கரையவில்லை. மக்கள் மரம் வாங்கினர்; ஆணி வாங்கினர்; வீடுகளை எழுப்பினர். நார்த் பீச் பகுதி விரைந்து தலைதூக்கியது.

அடுத்த சோதனை 1907ஆம் ஆண்டில் வந்தது. அமெரிக்கா முழுவதும் நிதி நெருக்கடி ஏற்பட்டது. தங்கள் பணத்தை மீட்க மக்கள் வங்கிகளின் முன் முண்டியடித்தனர். பல வங்கிகள் கதவடைத்தன. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே நெருக்கடியின் அறிகுறிகளைக் கண்டுகொண்ட ஜியானினி, பொன் நாணயங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றை எல்லாரும் பார்க்கும்படி முகப்புகளில் குவித்துவைத்தார். பணம் கேட்டவர்களுக்குத் தயங்காமல் பணம் கிடைத்தது. அச்சம் தணிந்தது. வங்கியின் பெயர் மேலும் பரவியது.

வளர்ச்சியின் பாதை

ஒரே ஊரை நம்பியிருக்கும் வங்கி எளிதில் நலிந்துவிடும் என்பதை ஜியானினி பழ வணிகக் காலத்திலேயே அறிந்திருந்தார். ஓர் ஊரில் திராட்சை பொய்த்தால், அவ்வூர் வங்கிக்குக் கடனும் திரும்பாது, வைப்புத்தொகையும் வராது. பல ஊர்களில் கிளைகள் இருந்தால், ஓரிடத்து இழப்பை வேறோர் இடத்து விளைச்சல் ஈடுசெய்யும். அறுவடை முடிந்த ஊரில் சேரும் பணத்தை, விதைப்பு நடக்கும் ஊருக்குக் கடனாக அனுப்பலாம். இந்த எண்ணத்தோடு, 1909ஆம் ஆண்டில் தாம் பிறந்த சான் ஹோசே நகரில் முதல் வெளியூர்க் கிளையைத் திறந்தார்.

அதன்பின் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. உள்ளூர் வங்கியை வாங்கும்போது அதன் ஊழியர்களைப் பெரும்பாலும் வேலையில் நீடிக்கச் செய்தார். உள்ளூர் மக்களையே பங்குதாரர்களாகவும் ஆலோசகர்களாகவும் சேர்த்துக்கொண்டார். மற்றவர்களைவிடக் குறைந்த வட்டியில் உழவர்களுக்குக் கடன் கொடுத்தார். வட்டி குறைந்தாலும் கடன் பெறுவோர் பெருகியதால் இலாபம் குறையவில்லை. 1911ஆம் ஆண்டில் பள்ளி மாணவர்களுக்கான சேமிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 1921ஆம் ஆண்டில் பெண்களே நடத்தும் பெண்களுக்கான தனிப் பிரிவும் திறக்கப்பட்டது.

வங்கிக்குள்ளும் ஜியானினி புதிய பழக்கங்களைக் கொண்டுவந்தார். தலைவருக்கெனத் தனியறை வைத்துக்கொள்ளவில்லை. அனைவரும் காணும்படி பொதுக்கூடத்தில் மேசையைப் போட்டு அமர்ந்தார். வாடிக்கையாளரும் கடைநிலை ஊழியரும் அவரிடம் நேரே சென்று பேசலாம். திறமை காட்டிய எழுத்தர்கள் படிப்படியாக உயர்பதவி பெற்றனர். ஊழியர்கள் வங்கியின் பங்குகளை வாங்கவும் வழி செய்தார். வங்கியின் இலாபத்தில் தங்களுக்கும் பங்குண்டு என்னும் உணர்வு ஏற்பட்டதால், அவர்கள் கண்ணுங் கருத்துமாக உழைத்தனர்.

இத்தகைய வேகமான வளர்ச்சியை எல்லாரும் விரும்பவில்லை. சிற்றூர் வங்கியாளர்கள், அவர் தங்களை விழுங்கிவிடுவார் என்று அஞ்சினர். ஒரே வங்கி இவ்வளவு பெரிதாவது நாட்டுக்கு நல்லதா என்று அதிகாரிகளும் ஐயுற்றனர். ஜியானினி பிடிவாதக்காரர், தாம் நினைத்ததை முடிக்கும்வரை ஓயமாட்டார். அந்தக் குணமே அவருக்கு வெற்றியையும் பகையையும் ஒருசேரத் தந்தது.

1928ஆம் ஆண்டில் அவருக்கு மனவேதனை தந்த நிகழ்வு ஒன்று நடந்தது. அவரது நிறுவனங்களின் பங்குகளை மக்கள் போட்டி போட்டு வாங்கினர். பங்குகளின் விலை அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்று அவர் எச்சரித்தும் பலர் கேட்கவில்லை; கடன் வாங்கியும் பங்கு வாங்கினர். ஜூன் மாதத்தில் விலை திடீரென்று சரிந்தது. அவர் பெயரை நம்பி முதலீடு செய்த எளியோர் பலர் சேமிப்பை இழந்தனர். நம்பிக்கை என்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை இந்நிகழ்வு காட்டியது.

மீட்சிப் போராட்டம்

1930ஆம் ஆண்டில் இத்தாலி வங்கி ‘பேங்க் ஆப் அமெரிக்கா’ என்னும் பெயரைப் பெற்றது. அதனையும் மற்ற நிறுவனங்களையும் தன்னகத்தே கொண்டிருந்த தாய் நிறுவனத்தின் பெயர் டிரான்ஸ்அமெரிக்கா. உடல்நலம் குன்றியிருந்த ஜியானினி, அதன் தலைமைப் பொறுப்பை நியூயார்க்கைச் சேர்ந்த எலிஷா வாக்கர் என்னும் வங்கியாளரிடம் ஒப்படைத்தார்.

அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். தொழிற்சாலைகள் மூடப்பட்டன, கோடிக்கணக்கானோர் வேலையிழந்தனர். வாக்கர், நிறுவனத்தைப் பிரித்து விற்பதே நட்டத்தைக் குறைக்கும் வழி என்று முடிவு செய்தார். நெருக்கடியில் சிக்கிய ஒரு நிர்வாகி அவ்வாறு எண்ணியது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால், ஐரோப்பாவில் சிகிச்சை பெற்றுவந்த ஜியானினியால் அதனைத் தாங்கிக்கொள்ள இயலவில்லை. வங்கி விற்கப்பட்டால், அதனை நம்பியிருக்கும் உழவர்களும் சிறு பங்குதாரர்களும் ஊழியர்களும் கைவிடப்படுவார்கள் என்று அவர் கருதினார். நோயையும் பொருட்படுத்தாமல் 1931ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார்.

அறுபது வயதைக் கடந்த அவர், கலிபோர்னியாவின் ஊர் ஊராகச் சென்றார். மண்டபங்களில் திரண்ட சிறு பங்குதாரர்களிடம் நிலைமையை விளக்கினார். வாக்குரிமையைத் தமக்கு அளிக்கும்படி வேண்டினார். ஐந்து பங்கு, பத்துப் பங்கு வைத்திருந்தவர்கள் எல்லாம் அவர் பக்கம் நின்றனர். 1932ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் ஜியானினி பெரும்பான்மை வாக்குகளைப் பெற்று வென்றார். முன்பு அவர் பங்குகளைப் பலருக்கும் பகிர்ந்து விற்றது, அன்று அவருக்கே கைகொடுத்தது.

வெற்றி பெற்றதும் அவர் ஓய்ந்துவிடவில்லை. நல்ல காலம் திரும்பும் என்னும் நம்பிக்கையை ஊட்டும் இயக்கத்தை மாநிலமெங்கும் நடத்தினார். 400க்கும் மேற்பட்ட கிளைகளில் பணியாற்றிய ஊழியர்கள் ஊக்கம் பெற்று, வைப்புத்தொகை திரட்டும் பணியில் இறங்கினர். வெளியேறிய பணம் மெல்ல மெல்லத் திரும்பியது. அவ்வாண்டிலேயே, கோல்டன் கேட் பாலத்தைக் கட்டுவதற்கான கடன் பத்திரங்களை வாங்க வங்கி முன்வந்தது. 1937ஆம் ஆண்டில் அப்பாலம் திறக்கப்பட்டது. வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீளக் கேலிச்சித்திரப் படமும் இவ்வங்கியின் கடனுதவியால் நிறைவு பெற்றது.

நிறைவு

1945ஆம் ஆண்டில் பேங்க் ஆப் அமெரிக்கா உலகின் மிகப் பெரிய வங்கியாக விளங்கியது. அவ்வாறு வளர்த்தவர் பெருஞ்செல்வராக இருந்திருப்பார் என்றே எவரும் எண்ணுவர். ஜியானினி அதனை விரும்பவில்லை. செல்வம் அளவுக்கு மிஞ்சினால் அதுவே மனிதனை ஆட்டிப்படைக்கும் என்பது அவர் கருத்து. 1920களின் இறுதியில் தமக்குச் சேர வேண்டிய 1.5 மில்லியன் டாலரைப் பெற்றுக்கொள்ளாமல், வேளாண் பொருளாதார ஆய்வுக்காகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். 1945ஆம் ஆண்டில், தம் சொத்தில் ஏறத்தாழப் பாதியைக் கொடுத்து ஓர் அறநிறுவனத்தை நிறுவினார். வங்கி ஊழியர்களின் கல்விக்கும் மருத்துவ ஆய்வுக்கும் அது உதவியது.

1949ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3ஆம் நாள், தமது 79ஆம் வயதில் ஜியானினி சான் மாட்டேயோ இல்லத்தில் இயற்கை எய்தினார். அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு ஐந்து இலட்சம் டாலருக்கும் குறைவு. அப்போது அவரது வங்கிக்கு 500க்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன.

சிறு கடன், தவணை முறை, ஊருக்கு ஊர் கிளை, மாணவர் சேமிப்புக் கணக்கு ஆகியவை இன்று எல்லா வங்கிகளிலும் காணப்படும் பொதுவான சேவைகளாகிவிட்டன. ஒரு காலத்தில் அவை நடக்காத காரியங்கள் என்று ஒதுக்கப்பட்டவை. காய்த்த கைகளை நம்பிய ஒரு பழ வணிகர், அவற்றை நடத்திக் காட்டினார். வங்கியின் முகப்பில் நின்று, தயக்கமின்றித் தன் சிறு சேமிப்பை நீட்டும் ஒவ்வோர் எளிய மனிதனின் துணிவிலும் ஜியானினியின் உழைப்புக்குப் பங்குண்டு.